இருமுறை பல் துலக்கியும் சொத்தை வருவது ஏன்? உடனே அடைக்க வேண்டுமா?

கேள்வி: இளவேனில்

அனைவருக்கும் வணக்கம். நான் காலையிலும் இரவிலும் தவறாமல் பல் துலக்குபவன். இனிப்புப் பண்டங்களில் பெரிய நாட்டமும் இல்லை. ஆயினும் அண்மையில் எடுத்த எக்ஸ்ரேயில், இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் பக்கத்தில் எனாமல் (பல்லின் கடினமான வெளியுறை) அளவில் சொத்தை தொடங்கியிருப்பது தெரியவந்தது. பல் மருத்துவரோ, இப்போது அடைக்க வேண்டியதில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்கிறார். வந்துவிட்ட சொத்தையை அப்படியே விட்டுவைக்கலாமா? வேலை நேரத்தில் சர்க்கரை சேர்த்த காப்பியை அருகில் வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒரு வாய் குடிப்பது என் வழக்கம். ஆனால் அதில் சேரும் சர்க்கரை மொத்தமாகப் பார்த்தால் மிகக் குறைவுதான்.

மறுமொழி: வெண்பல்

நீங்கள் கடைசியாகச் சொன்னதில்தான் விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பல்லின் மேல் படியும் மெல்லிய படலத்தில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களிலேயே அதை அமிலமாக மாற்றிவிடுகின்றன. அங்கே பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அந்த இடைவெளிக்குள் நீங்கள் அடுத்த வாய் காப்பியைக் குடித்தால் அமிலம் மறுபடியும் ஏறுகிறது. ஒரே கோப்பைக் காப்பியைப் பத்து நிமிடத்தில் குடித்து முடிப்பவரின் பற்களைவிட, அதையே மூன்று மணி நேரம் குடிப்பவரின் பற்கள் நெடுநேரம் அமிலத்தில் இருக்கின்றன.

சுவீடனில் விபெஹோல்ம் என்னும், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான காப்பகத்தில் 1940-களில் தொடங்கி நடந்த ஆய்வும் இதையே காட்டியது: உணவோடு சேர்த்து உண்ட சர்க்கரையைக் காட்டிலும், உணவுகளுக்கு இடையே உண்ட ஒட்டும் மிட்டாய்தான் சொத்தையைப் பெருமளவு கூட்டியது. ஒப்புதல் அளிக்கும் நிலையில் இல்லாத நோயாளிகளின் பற்களைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

மறுமொழி: கயல்

அடைப்பதைப் பற்றி ஒரு சொல். சொத்தை என்றாலே துளை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மேற்பரப்பு உடையாமல் உள்ளே தாதுக்கள் மட்டும் குறைந்திருக்கும் கட்டம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் அமிலத் தாக்குதல் குறைந்து, எனாமலை வலுப்படுத்தும் ஃபுளூரைடு என்னும் தாதுவும் கிடைத்தால் சொத்தை அங்கேயே நின்றுவிடலாம், ஓரளவு தேறவும் செய்யலாம். துளை விழுந்த பல் தானாக மூடிக்கொள்ளாது. பக்கவாட்டுச் சொத்தையை அடைக்க நல்ல பகுதியையும் சேர்த்துக் குடைய நேரிடும். அடைப்பும் ஆயுளுக்கு நிற்பதில்லை. உங்கள் மருத்துவர் பொறுத்திருப்பது அலட்சியம் அன்று.

இளவேனில்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் ஒவ்வொரு முறை காப்பி குடித்த பின்பும் பல் துலக்கினால் போதுமா?

மறுமொழி: வெண்பல்

போதாது. பிரஷ் நார்கள் உங்கள் சொத்தை இருக்கும் இடுக்கை எட்டுவதே இல்லை. அங்கே பல் இடுக்கு நூலோ சிறிய இடுக்குப் பிரஷோதான் செல்லும். காப்பியில் சர்க்கரையை நிறுத்துங்கள், அல்லது உணவோடு சேர்த்து ஒரே மூச்சில் குடித்து முடியுங்கள். பற்பசையில் ஃபுளூரைடு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவு) வரை இருக்கிறதா என்று பாருங்கள். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீரால் பலமுறை கொப்பளித்தால் ஃபுளூரைடும் கழுவிக்கொண்டு போய்விடும். உறங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைவதால் இரவுத் துலக்கலுக்குப் பின் தண்ணீர் தவிர வேறு எதையும் உட்கொள்ளாதீர்கள்.

மறுமொழி: கயல்

நீங்கள் தொடர்ந்து மருந்துகள் எடுப்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மருந்துகள் வாயை உலர்த்திவிடும், உலர்ந்த வாயில் சொத்தை விரைவாகப் பரவும். அந்த இடுக்கில் திடீரென உணவு சிக்கத் தொடங்கினாலோ, நூல் பிசிறினாலோ, குளிர்ந்த நீர் பட்டுக் கூசினாலோ ஆறு மாதம் காத்திராமல் உடனே காட்டுங்கள்.