சரிவில் டயர் மடிந்து கிராலர் கவிழ்கிறது: பெரிய டயர் வாங்குவதா, உள்ளிருக்கும் ஃபோமை மாற்றுவதா?

கேள்வி: வேளச்சேரி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, பாறைகளில் மெதுவாக ஏறும் ரிமோட் வண்டியான கிராலர் ஒன்றை நான்கு மாதங்களாக ஓட்டி வருகிறேன். 1.9 அங்குலச் சக்கரம், அச்சில் சக்கரத்தைப் பொருத்தும் 12 மிமீ அறுகோணப் பிடி (ஹெக்ஸ்), வண்டியோடு வந்த 106 மிமீ உயர டயர். டயரின் விளிம்பைத் திருகுகளால் இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் வளையமுள்ள அலுமினியச் சக்கரங்களை மட்டும் பின்னர் வாங்கி மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பல்லாவரம் குன்றின் அடிவாரத்தில் ஓட்டுவது வழக்கம். நேர் ஏற்றத்தில் வண்டி நன்றாகவே ஏறுகிறது. சரிவுக்குக் குறுக்கே செல்லும்போதுதான் பள்ளத்துப் பக்கமுள்ள முன் டயர் சக்கரத்துக்கு அடியில் மடிந்து, வளையத்தின் திருகுத் தலைகள் பாறையில் உரசும் ஒலி கேட்கிறது. அடுத்த நொடியே வண்டி உருண்டுவிடுகிறது. சென்ற வாரம் ஒரே பாறையில் ஏழு முறை முயன்றேன். ஏழு முறையும் அதே இடத்தில் கவிழ்ந்தது.

மழைக்குப் பின் ஓட்டினால் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. சக்கரத்தின் காற்றுத் துளைகள் வழியே நீர் புகுந்து ஃபோம் ஊறிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து டயரை அழுத்தினாலும் நீர் கசிகிறது. பூஞ்சை வாடையும் வருகிறது. 120 மிமீ டயருக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உடன் ஓட்டும் நண்பர் சொல்கிறார். பணம் செலவழிக்கும் முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1: பெரம்பூர் வாசகர்

ஐயா, இப்போதைக்குப் பெரிய டயர் வேண்டாம். 106 மிமீயிலிருந்து 120 மிமீக்குப் போனால் உயரம் ஏறத்தாழ 13 விழுக்காடு கூடும். கியர் விகிதமும் அதே அளவுக்கு வேகப் பக்கம் சாய்ந்துவிடும். மோட்டார் சூடாகும், மோட்டாரின் பல்சக்கரமான பினியனைச் சிறிதாக்க வேண்டிவரும், முன் சக்கரம் திரும்பும்போது பாடியில் இடிக்கும், வண்டியின் எடை மையமும் மேலே ஏறும். சரிவில் கவிழும் வண்டிக்கு உயரத்தைக் கூட்டுவது, உள்ள நோயை வளர்ப்பதாகவே முடியும்.

குற்றம் டயரின் ரப்பரில் இல்லை, அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. இந்த டயர்களில் காற்று அடைப்பதில்லை என்பதால், வண்டியின் பாரத்தில் பெரும்பங்கை உள்ளே இருக்கும் ஃபோம் வளையமே தாங்குகிறது. வண்டியோடு வரும் ஃபோம் பெரும்பாலும் ஒரே மென்மையுடையது. நேர் ஏற்றத்தில் பாரம் நான்கு சக்கரங்களுக்கும் பிரிவதால் அந்த மென்மை நன்மையே செய்கிறது. டயர் பாறையைக் கவ்விப் பிடிக்கிறது. குறுக்கே செல்லும்போதோ பள்ளத்துப் பக்கச் சக்கரங்கள் இரண்டின் மேலேயே பெரும்பாரம் விழுகிறது. ஃபோம் நசுங்கி, அந்தப் பக்கம் சக்கரம் தாழ்ந்து, தாழ்ந்ததால் வண்டி மேலும் சாய்ந்து, சாய்ந்ததால் பாரம் இன்னும் கூடிக் கவிழ்கிறது. திருகு உரசும் ஒலிக்கு அடுத்த நொடியே வண்டி உருள்வதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு இரட்டை அடுக்கு ஃபோம் தேவை. சக்கரத்தை ஒட்டி நீர் உறிஞ்சாத, இறுக்கமான, நுண்ணறைகள் ஒன்றோடொன்று இணையாத மூடிய அறை ஃபோம் வளையம். அதைச் சுற்றி மென்மையான திறந்த அறை ஃபோம். வெளியடுக்கு பாறையின் வடிவத்துக்கு இணங்கிக் கொடுக்க, உள்ளடுக்கு ஓரளவுக்கு மேல் நசுங்க மறுக்கும். ஆயத்தமாகவும் விற்கிறார்கள். நான் பெரியமேட்டில் செருப்புத் தைப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடையில் 10 மிமீ தடிமனுள்ள ஈ.வி.ஏ. எனும் மூடிய அறை ஃபோம் தாள் வாங்கி, பட்டையாக வெட்டி, சக்கரத்தின் மேலேயே சுற்றி அளந்து, முனைகளை ரப்பர் பசையால் ஒட்டிக்கொண்டேன். பழைய ஃபோமின் உட்பக்கத்தைக் கத்தரிக்கோலால் அதே தடிமனுக்குக் குறைத்து மேலே மாட்டினேன். வெளி விட்டம் டயரின் உள்ளளவை மீறக் கூடாது. மீறினால் டயரின் நடுப்பகுதி பந்துபோல் உப்பி, நடுவிலுள்ள ரப்பர்க் கட்டைகள் மட்டுமே பாறையைத் தொடும்.

மாட்டும்போது ஒரு கவனம் வேண்டும். டயரின் விளிம்பு வளையத்தின் பள்ளத்தில் முழுச் சுற்றும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத் திருகுங்கள். திருகுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று என்ற கணக்கில் இறுக்குங்கள். ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக முறுக்கிக்கொண்டே போனால் கடைசித் திருகின் அருகே விளிம்பு பிதுங்கி வெளியே வந்துவிடும். அலுமினியத்தில் எம்2 (2 மிமீ) திருகின் மரை எளிதில் அழிந்துவிடும் என்பதால் கை பலத்தைக் காட்ட வேண்டாம்.

பதில் 2: ஆலந்தூர் வாசகர்

பெரம்பூர் நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஃபோமோடு எடையையும் பார்க்காவிட்டால் வேலை பாதியில் நிற்கும். வீட்டுச் சமையல் தராசை எடுத்து முன் சக்கரங்கள் இரண்டையும் அதன் மேல் நிறுத்துங்கள். பின் சக்கரங்களுக்கு அடியில் தராசின் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி வண்டியைச் சமமாக வைத்தால் முன் பக்க எடை தெரியும். பின் பக்கத்தையும் அப்படியே எடுங்கள். மொத்தத்தில் அறுபது விழுக்காட்டுக்கு அருகில் முன் பக்கம் இருந்தால், செங்குத்தான ஏற்றத்தில் வண்டி மல்லாந்து விழாது.

குறையும் எடையை முன் சக்கரத்துக்குள்ளேயே சேர்ப்பது நல்லது. வண்டியில் அதைவிடத் தாழ்வான இடம் எளிதில் கிடைக்காது. கார் அலாய் வீலில் ஒட்டும் 5 கிராம், 10 கிராம் பேலன்சிங் எடைகள் புதுப்பேட்டையிலும் டயர் கடைகளிலும் பட்டையாகக் கிடைக்கின்றன. சக்கரத்தின் உருளைப் பகுதியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, சுற்றிலும் சம இடைவெளியில் ஒட்டி, அதன் மேல் ஒரு சுற்று டேப் போட்ட பிறகு ஃபோமை ஏற்றுங்கள். முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 40 கிராமில் தொடங்குங்கள். கூட்டிக்கொண்டே போகும் ஆசை எனக்கும் வந்தது. 110 கிராமில், முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான ஸ்டியரிங் சர்வோ திணறி, இறுதியில் அதன் பல்சக்கரம் உடைந்தது. பின் சக்கரத்தில் எடை சேர்க்காதீர்கள்.

ரப்பரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஓட்டும் பல்லாவரத்துப் பாறை சார்னோகைட் வகை. நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் ஆய்வு செய்து பெயரிட்ட அந்தப் பாறை, கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லாக இருப்பது. சொரசொரப்பான படிகப் பாறை என்பதால் மென்மையான ரப்பர் அதில் அருமையாகப் பிடிக்கும். ஆனால் கல்லுடைத்த இடங்களில் மாவுபோல் படிந்திருக்கும் தூசு ஒட்டினால் எந்த டயரும் வழுக்கும். நான் ஒரு பழைய பல்துலக்கியும் நீரும் கொண்டுபோய் இடையிடையே டயரைத் தேய்த்துக் கழுவுகிறேன். புது டயரென்றால் அச்சிலிருந்து ஒட்டி வந்த எண்ணெய்ப் பிசுக்கு போகச் சோப்பு நீரில் கழுவிவிட்டே மாட்ட வேண்டும். நீர் தேங்கிய பழைய குவாரிகளின் விளிம்புக்கு மட்டும் செல்ல வேண்டாம். வண்டி போனால் போகட்டும். அதைப் பிடிக்க நாம் குனியும் இடம் ஆபத்தானது.

பதில் 3: திருவான்மியூர் வாசகர்

மழைநீர் பற்றி யாரும் சொல்லவில்லை. சக்கரத்திலுள்ள காற்றுத் துளைகளை உட்புறமாக டேப் ஒட்டி அடைத்துவிட்டு, ஒவ்வொரு டயரிலும் எதிரெதிராக இரண்டு இடங்களில், கட்டைகளுக்கு நடுவே, 3 மிமீ துளையிடுங்கள். டயர் நசுங்கும்போது காற்றும் அதன் வழியே போகும். சுழலும்போது நீரும் வெளியே தெறித்துவிடும். கத்தியால் கீறினால் கீறல் நீண்டு கிழியும். தோலில் துளையிடும் பஞ்ச் வட்டமாக வெட்டுவதால் கிழியாது.

பதில் 2 எழுதிய ஆலந்தூர் வாசகர்

இதில் மட்டும் மாறுபடுகிறேன். பெசன்ட் நகர் கடற்கரை மணலிலும் ஓட்டுபவர்கள் டயரில் துளையிட்டால் மணல் உள்ளே புகுந்து தங்கிவிடும். இரண்டு டயர்களை நான் அப்படி இழந்திருக்கிறேன். பாறையில் மட்டும் ஓட்டுபவருக்கு அது சிறந்த வழிதான்.

கேள்வி கேட்டவர்: வேளச்சேரி வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஞாயிறுகள் கழித்து எழுதுகிறேன். முன் சக்கரங்கள் இரண்டையும் பிரித்தபோது ஒன்றில் ஃபோம் ஒரு பக்கமாக நகர்ந்து, மறுபக்கம் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. நான் சக்கரம் மாற்றிய அன்றே நேர்ந்த பிழை அது. ஈ.வி.ஏ. வளையம் வைத்து, 40 கிராம் எடை ஒட்டி, முன் பக்க எடையைக் கூட்டினேன். மணலில் ஓட்டுவதில்லை என்பதால் துளையும் இட்டுவிட்டேன்.

அதே பாறையில் முதல் முயற்சியில் டயர் பிதுங்கியது, ஆனால் மடியவில்லை; வண்டி ஒரு கணம் சாய்ந்து நின்று கடந்துவிட்டது. ஐந்தில் நான்கு முறை கடந்தது. தவறிய ஒரு முறை பின் டயர் மடிந்ததால்தான் கவிழ்ந்தது. அதில் இன்னும் பழைய ஃபோமே இருக்கிறது. பின் பக்கத்துக்கும் 10 மிமீ வளையமே வைக்கலாமா, அல்லது பாரம் குறைவு என்பதால் 6 மிமீ போதுமா?

பதில் 1 எழுதிய பெரம்பூர் வாசகர்

6 மிமீ போதும் ஐயா. பின் பக்கம் சற்று மென்மையாக இருந்தால்தான் இறக்கத்தில் டயர் பாறையை விடாது. ஓட்டி முடித்ததும் வண்டியைச் சக்கரங்களின் மேல் நிறுத்தாமல், வயிற்றுப் பகுதியை ஒரு மரக்கட்டையில் தாங்கவைத்துச் சக்கரங்கள் தொங்கும்படி நிழலில் வையுங்கள். ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்த ஃபோம் பிறகு நிமிர்வதில்லை.