பிளாஸ்மாவில் கொரோனா ஆர்என்ஏ: நிலை மோசமான நோயாளிக்கும் நெகடிவ் ஏன்?

சோதனைக்குழாய்:
ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளின் ரத்தத்தில் வைரஸ் ஆர்என்ஏ (அதன் மரபுப் பொருள்) தேடுகிறோம். 140 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா (அணுக்கள் நீக்கிய ரத்தத் திரவம்), அதிலிருந்து பிரித்த ஆர்என்ஏ 60 மைக்ரோலிட்டர் திரவத்தில் (எலூஷன்), அதில் 5 எடுத்து ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவைப் பல மடங்காக்கிக் கண்டறியும் சோதனை). மூக்குச் சளியில் சிடி (எத்தனையாவது சுழற்சியில் தெரிகிறது என்ற எண்; குறைந்தால் வைரஸ் அதிகம்) 20. பிளாஸ்மாவில் பெரும்பாலும் நெகடிவ். சில சமயம் ஒரே ஒரு வெல்லில் (சோதனைத் தட்டின் குழி) 38. பாசிடிவ் என்று எழுதலாமா? கிட் சரியில்லையா?

நீலத்தொப்பி:
கிட்டை மாற்றும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாஸ்மாவில் மி.லி.க்கு வைரஸ் ஆர்என்ஏவின் 100 பிரதிகள் என்று வையுங்கள். நீங்கள் எடுக்கும் 140 மைக்ரோலிட்டரில் 14. அதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வெல்லுக்குப் போகிறது: சுமார் 1.2. எக்ஸ்ட்ராக்‌ஷனில் (ஆர்என்ஏ பிரித்தெடுப்பில்) துளியும் வீணாகாவிட்டாலும், தற்செயலாகவே ஏறக்குறைய மூன்றில் ஒரு வெல் காலியாகத்தான் இருக்கும். 1 மி.லி. பிளாஸ்மாவை 50 மைக்ரோலிட்டரில் எடுத்து 10 போட்டால் அதே ரத்தத்தில் வெல்லுக்கு 20 பிரதி. லைசிஸ் பஃபரையும் (வைரஸை உடைக்கும் கரைசல்) அதே விகிதத்தில் கூட்டி, ஆர்என்ஏவைப் பிடித்துவைக்கும் வடிகுழாயில் (column) தவணை தவணையாக ஏற்றுங்கள்.

ஒற்றை வெல் 38 என்பது ஒரே ஒரு பிரதியாக இருக்கலாம், மாசாகவும் இருக்கலாம். வளைவைப் பார்த்துப் பிரிக்க முடியாது. ஃப்ரீசரில் உள்ள அதே மாதிரியின் வேறு பங்கிலிருந்து ஆர்என்ஏவை மறுபடி பிரித்து, நான்கு வெல் ஓட்டுங்கள். கூடவே வைரஸ் இல்லாத பிளாஸ்மா ஒன்றும் முதல் படியிலிருந்தே ஓடட்டும். டிஜிட்டல் பிசிஆர் (மாதிரியை ஆயிரக்கணக்கான நுண்பகுதிகளாகப் பிரித்துப் பிரதிகளை எண்ணும் முறை) கிடைத்தால் இந்த அளவுகளுக்கு அதுவே மேல்.

ஊதாமூடி:
குழாயையும் பாருங்கள். ஊதா மூடி ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) மட்டும். பச்சை மூடியில் உள்ள ஹெப்பாரினும் உறைவைத் தடுப்பதுதான், ஆனால் அது பிசிஆரையே அடக்கிவிடும். சில மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேல் பிளாஸ்மாவை வெள்ளைப் படலத்தை (வெள்ளையணுக்கள்) தொடாமல் எடுத்து, இன்னொரு முறை சுழற்றுங்கள். பங்கு பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு தடவைக்கு மேல் உருக்க வேண்டாம். பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது, அதிலிருந்து வரும் ஹீம் பிசிஆரைத் தடுக்கும். லைசிஸ் பஃபரில் எம்எஸ்2 ஃபேஜ் (சோதனை சரியாக ஓடியதா என்று காட்டும், மனிதரைத் தாக்காத வைரஸ்) சேருங்கள். அதன் சிடி வழக்கத்தைவிட 2-க்கு மேல் தள்ளிப்போனால் அந்த நெகடிவை நம்பாதீர்கள்.

சோதனைக்குழாய்:
நன்றி. எங்கள் மாதிரிகளில் பாதி பச்சை மூடிதான்! பாசிடிவ் வந்தால் மருத்துவரிடம் என்ன சொல்வது?

நீலத்தொப்பி:
ரத்தத்தில் உயிருள்ள வைரஸ் ஓடுகிறது என்று சொல்லாதீர்கள். ஆர்என்ஏ இருக்கிறது, அவ்வளவுதான். வூஹானின் முதல் 41 நோயாளிகளில் 6 பேருக்குப் பிளாஸ்மாவில் கிடைத்தது, சிடி 35 வாக்கில். தீவிர சிகிச்சையில் இருந்தோர் 13-ல் 2, மற்றவர்கள் 28-ல் 4: வித்தியாசமே இல்லை. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில்தான் மோசமாகிறவர்களோடு உள்ள தொடர்பு தெளிவானது. மூக்குச் சளியின் சிடியை வைத்துத் தீவிரத்தைக் கணிக்க வேண்டாம் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-லேயே சொல்லிவிட்டது. பிளாஸ்மா முடிவை அதோடு குழப்ப வேண்டாம். அனுமதித்த அன்றே ரத்தம் எடுத்து, அறிகுறி தொடங்கி எத்தனையாவது நாள் என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். நாள் தெரியாத நெகடிவை வைத்து மருத்துவர் எதையும் முடிவு செய்ய முடியாது.