தினம் ஆபீஸ் போக ஆர்15 ஒத்துவருமா?

புதுரைடர்: அஞ்சு வருஷமா 100 சிசி வண்டிதான் ஓட்டுறேன், இப்போ யமஹா ஆர்15 வி4 மேல கண்ணு. தினம் போக வர 30 கிலோமீட்டர், முக்கால்வாசி டிராஃபிக், லீவு நாள்ல மலைப்பக்கம் ஒரு ரவுண்டு. முதுகு போயிடும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. உயரம் 5 அடி 5. ஓட்டுறவங்க சொல்லுங்க.

செயின்லூப்: மூணு வருஷமா ஓட்டுறேன் ப்ரோ, முதுகை விட மணிக்கட்டுதான் முதல்ல வலிக்கும், ஏன்னா ரெண்டு தனித்தனி துண்டா வர்ற கிளிப்-ஆன் ஹேண்டில் கீழ இருக்கறதால உடம்பு வெயிட் மொத்தமும் கையில இறங்கிடும். டேங்க்கை முழங்காலால இறுக்கிப் பிடிச்சு வயித்துத் தசையை இறுக்கி உக்காருங்க, கை லேசாகிடும், இது புரியவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. சீட் 815 மில்லிமீட்டர், உங்களுக்கு முன்பாதம்தான் ஊணும், ஆனா வண்டி 140 கிலோ சொச்சம்தான், சமாளிச்சுடலாம்.

ஆறாவதுகியர்: 18.4 பிஎஸ் பவர்னு பேப்பர்ல பாத்து மயங்காதீங்க, அது இன்ஜின் 10,000 ஆர்பிஎம்ல சுத்தும்போதுதான். விவிஏ (இன்ஜின் வேகத்துக்கு ஏத்த மாதிரி வால்வு திறப்பை மாத்துற அமைப்பு) 7,400 ஆர்பிஎம் பக்கம் வேலையை ஆரம்பிக்கும்போதுதான் வண்டிக்கு உசுரே வரும். டிராஃபிக்ல அடிக்கடி கியர் குறைக்கணும், நல்லவேளை, கியர் குறைக்கும்போது பின் சக்கரம் இழுத்துப் பிடிக்காம பாத்துக்கற ஸ்லிப்பர் கிளட்ச் வெண்ணெய் மாதிரி. மலை வளைவுல விட்டா கீழ இறங்க மனசே வராது.

நடுரோடு: பின்னாடி யாராவது உக்காருவாங்களா? அப்போ யமஹாவோட எம்டி-15 பாருங்க, அதே 155 சிசி இன்ஜின்தான், நிமிர்ந்து உக்காரலாம். ஆர்15 பின் சீட்ல என் மனைவி ஒரே ஒரு தடவை ஏறினா, அதோட சரி.

புதுரைடர்: பின்னாடி லஞ்ச் பேக் மட்டும்தான்! சனிக்கிழமை டெஸ்ட் ரைடு போறேன், மணிக்கட்டு நிலவரம் வந்து சொல்றேன்.