பழைய படத்தில் தலையும் காலும் வெட்டுப்படுகிறது, அவசர உதவி தேவை

ஆரையூரான்:
எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு முதியோர் தின நிகழ்வுக்கு எங்கள் வாசிகசாலையில் ஒரு பழைய படம் போடுகிறோம். ஓட்டிப் பார்த்தால் ஆட்களுக்கு நெற்றிக்கு மேலே இல்லை, காலும் இல்லை. செட்டிங்ஸ் எல்லாம் மாற்றிப் பார்த்தாச்சு. எதை அமத்தினால் சரிவரும்? கெதியாகச் சொல்லுங்கள்.

வாவிக்கரை:
தம்பி, எதில் ஓட்டுகிறீர்கள்? டிவியா புரொஜெக்டரா? டிஸ்க்கா, பென்னில் உள்ள ஃபைலா? என்ன காலத்துப் படம்? இவ்வளவும் தெரியாமல் ஒருத்தராலும் பதில் சொல்ல ஏலாது.

கல்முனைக் கடைக்காரர்:
டிவி என்றால் ரிமோட்டில் பிக்சர் சைஸைப் பாருங்கள். 'ஸூம்' இல் கிடந்தால் இதேதான் நடக்கும், மேலும் கீழும் போய்விடும். சில டிவி தன்பாட்டுக்கு நாலு ஓரத்தையும் கொஞ்சம் தின்னும். அதற்கு 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள்.

பிக்சல் மச்சான்:
இது ஃபிளாக் பிழை, நிச்சயம். டிவிடியில் படம் அனேகமாக 720க்கு 576 அல்லது 720க்கு 480 புள்ளிகளாகத்தான் பதிந்திருக்கும். அதை 4:3 (அகலம் 4, உயரம் 3) ஆக விரிப்பதா 16:9 ஆக விரிப்பதா என்று ஃபிளாக் என்கிற ஒரு சின்னக் குறிப்பு சொல்லும். அந்தக் குறிப்பு பிழைத்தால் எல்லாம் பிழை. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் ஒரு வரி அடித்தால் மாறிவிடும், படத்தைத் திரும்ப என்கோட் பண்ணவும் தேவையில்லை.

வாவிக்கரை:
மச்சான், ஃபிளாக் பிழைத்தால் முகம் நீளும் அல்லது பருக்கும். தலை வெட்டுப்படாது. அவர் சொல்வது வேறு.

சட்டகம்:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். படத்தின் விகிதம் வேறு, திரையின் விகிதம் வேறு என்பது அடிப்படை. அதைக் கொஞ்சம் வாசித்துவிட்டு வந்திருந்தால் நாங்கள் இத்தனை பேர் ஊகிக்கத் தேவையில்லை.

சதங்கை:
பிள்ளைக்கு ஞாயிறு நிகழ்ச்சி இருக்கிறது. வாசிக்கச் சொல்லும் நேரமா இது?

ஆரையூரான்:
வேலையில் நின்றேன், இப்பதான் பார்க்கிறேன். புரொஜெக்டர், பாடசாலையில் இரவல் வாங்கியது. லேப்டொப்பில் விஎல்சி பிளேயர். 1960களில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். புதுப் பிரதி, 'எச்டி ரீமாஸ்டர்' என்று உறையில் போட்டிருக்கு. முகம் நீளவும் இல்லை, பருக்கவும் இல்லை. வண்டிச் சில்லு வட்டமாகத்தான் இருக்கு. லேப்டொப் திரையிலும் அப்படியே வெட்டுப்படுகிறது.

வாவிக்கரை:
இப்போது விளங்குகிறது. சில்லு வட்டமாக இருப்பதால் படம் இழுபடவில்லை. லேப்டொப்பிலும் அப்படியே என்றால் புரொஜெக்டரிலும் பிழை இல்லை. விஎல்சியில் 'சி' எழுத்தைத் தட்டித் தட்டிப் பாருங்கள், அது வெட்டு மாற்றும் விசை. 'டிஃபோல்ட்' என்று வந்த பிறகும் தலை இல்லாவிட்டால், வெட்டியது உங்கள் கணினி இல்லை. பிரதி தயாரித்த இடத்திலேயே வெட்டிவிட்டார்கள்.

காரணம் இதுதான். தமிழில் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை வந்ததே 1973இல், ராஜராஜ சோழன் படத்தோடு. அதற்கு முந்தின தமிழ்ப் படம் அனேகமாக 1.37க்கு 1 என்ற சட்டகத்தில் எடுத்தது, கிட்டத்தட்ட பழைய டிவிப் பெட்டியின் வடிவம். இன்றைய திரை 16:9, அதாவது 1.78க்கு 1. பழைய படத்தை ஒழுங்காகப் போட்டால் இடமும் வலமும் கறுப்புப் பட்டை வரும். அந்தப் பட்டை வரக்கூடாது என்று படத்தைப் பெருப்பித்து அகலத்தை நிரப்பினால் உயரத்தில் 23 வீதம் போய்விடும். நாலில் ஒரு பங்கு என்றே வையுங்கள். அதுதான் உங்கள் ஆட்களின் தலையும் காலும்.

உறுதிப்படுத்த ஒரு வழி: தொடக்கத்தில் வரும் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். மேல் வரியோ கீழ் வரியோ அரைகுறையாக நின்றால் சந்தேகமே வேண்டாம்.

பிக்சல் மச்சான்:
ஃபைல் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் ஃபைலின் அளவையும் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. 1920க்கு 1080 இருந்து, ஓரத்தில் கறுப்பும் இல்லாமல், முகமும் சரியாக இருந்தால் வாவிக்கரை சொல்வதுதான்.

கல்முனைக் கடைக்காரர்:
கடைக்காரன் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். நான் வீடியோ டெக் காலத்திலிருந்து படக்கொப்பி வாடகைக்குக் கொடுத்தவன். கறுப்புப் பட்டையோடு ஒரு கொப்பி கொடுத்தால் அடுத்த நாள் திரும்ப வரும், "நானா, படம் பாதிதான் ஓடுது" என்று. சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, 14 அங்குல டிவியை முற்றத்தில் வைத்து ஊரே பார்த்தது. ஸ்கோப் படத்தை முழு அகலத்தோடு போட்டால் பின்வரிசையில் இருப்பவருக்கு முகம் எறும்பு மாதிரி. ஆட்கள் கேட்டதைத்தான் கம்பனிகள் கொடுத்தன.

வாவிக்கரை:
நானா, அந்தச் சிரமத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 2.35க்கு 1 ஸ்கோப் படத்தை 4:3 பெட்டிக்குள் நிரப்ப 43 வீதத்தை எறிந்தார்கள். கதாநாயகன் ஒரு ஓரம், கதாநாயகி மறு ஓரம் நின்று கதைக்கிற காட்சியில் நடுவில் உள்ள தூண்தான் தெரியும். அதைச் சமாளிக்க ஒளிப்பதிவாளர் செய்யாத அசைவை இவர்கள் செய்து, படத்தை இடமும் வலமும் நகர்த்தினார்கள். பார்ப்பவர் அதை இயக்குநர் வைத்த அசைவு என்றே நம்பினார். அந்த நாளில் சின்னப் பெட்டி என்ற நியாயமாவது இருந்தது. இன்று பெரிய திரை இருந்தும் வெட்டுகிறார்களே, இதற்கு என்ன நியாயம்?

சட்டகம்:
நீங்கள் 1.37ஐ வேதம் மாதிரிச் சொல்கிறீர்கள். 1953இல் ஹொலிவுட்டில் அகலத்திரை வந்த பிறகு பல படங்களை முழுச் சட்டகத்தில் எடுத்து, தியேட்டரில் மறைப்புப் போட்டு 1.66, 1.85 என்று காட்டினார்கள். பிறகு வீடியோவுக்கு மறைப்பை எடுத்தபோது மேலே தொங்கிய மைக் எல்லாம் தெரிந்தது. ஆகவே முழுச் சட்டகம் என்றால் அதுவே சரியான சட்டகம் என்று ஆகாது. 1964இல் வந்த கர்ணனை 2012இல் அகலத்திரைக்கு மாற்றித்தான் திரும்ப வெளியிட்டார்கள். சனம் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தது.

வாவிக்கரை:
மறைப்புக்கென்று இடம் விட்டு எடுத்த படத்துக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அங்கே தலைக்கு மேலே வெறும் இடம்தான் போகும். இந்தத் தம்பியின் படத்தில் நெற்றியே போகிறது. அப்படி ஒருவரும் எடுத்திருக்க மாட்டார்கள். கர்ணனைச் சனம் பார்த்தது படத்துக்காக, வெட்டுக்காக இல்லை. 1.37ஐ 2.35 ஆக்கினால் உயரத்தில் 42 வீதம் போய்விடும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சதங்கை:
நான் நடனம் படிப்பிக்கிறவள். பிள்ளைகளுக்குப் பழைய படங்களின் ஆடல் காட்சிகளைப் போட்டுக் காட்டுவேன். இந்தப் புதுப் பிரதிகளில் முழங்காலை மடித்து அரைமண்டியில் இருக்கும்போது பாதம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. ஜதி கேட்கும், தட்டும் கால் தெரியாது. பரத நாட்டியத்தில் பாதத்தை எடுத்துவிட்டு எதைப் பார்ப்பது? கை முத்திரை மேலே போனால் விரலும் வெட்டு. அந்தக் கலைஞர்கள் தலையிலிருந்து பாதம் வரை ஆடிக் கொடுத்ததை வெட்ட யாருக்கும் உரிமை இல்லை. கறுப்புப் பட்டை எங்களை என்ன செய்கிறது?

கல்முனைக் கடைக்காரர்:
டீச்சர் சொல்வதற்கு என்னிடம் மறுபேச்சு இல்லை. வெட்டினால் உறையில் அதை எழுதவாவது வேண்டும்.

பிக்சல் மச்சான்:
தம்பி, இதே படத்தின் பழைய டிவிடி யாரிடமாவது கிடக்குமா? பழைய டிவிப் பெட்டிக்கென்று வந்த பிரதியில் இந்தக் காலத்துப் படங்கள் அனேகமாக முழுதாக இருக்கும். கூர்மை குறைவுதான், ஆனால் தலை இருக்கும்.

வாவிக்கரை:
அதோடு புரொஜெக்டரின் ரெசலூஷனையும் பாருங்கள். பாடசாலைகளில் கிடக்கிற பழைய புரொஜெக்டர்களில் 1024க்கு 768 நிறைய உண்டு, அது 4:3. அப்படி என்றால் பழைய டிவிடி திரையை முழுதாக நிரப்பும், பட்டை என்ற பேச்சே இல்லை. இந்தப் புதுப் பிரதியைப் போட்டால்தான் மேலும் கீழும் கறுப்பு வரும், உள்ளே தலையும் இருக்காது. லேப்டொப்பின் டிஸ்ப்ளே அளவையும் 1024க்கு 768 ஆக வையுங்கள். புரொஜெக்டர் மெனுவில் ஆஸ்பெக்டை 'நோர்மல்' அல்லது 4:3 இல் விடுங்கள், 'வைட்' வேண்டாம்.

ஆரையூரான்:
பெயர்ப் பலகையில் மேல் வரி பாதிதான் தெரியுது. நீங்கள் சொன்னதுதான். மாமா வீட்டில் பழைய டிவிடி ஒன்று கிடக்குதாம். போய் எடுத்து வருகிறேன்.

சட்டகம்:
பெயர்ப் பலகையே வெட்டுப்பட்டால் அது மோசமான பிரதிதான். அந்தப் படத்தைப் பொறுத்தவரை ஒத்துக்கொள்கிறேன். பொது விதியாக ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வாவிக்கரை:
அதையே நானும் சொல்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தால் இவ்வளவையும் ஒரே அச்சில் 16:9 ஆக வார்த்திருக்க மாட்டார்கள்.

ஆரையூரான்:
மாமாவின் டிவிடி ஓடுது. தலை, கால் எல்லாம் இருக்கு. புரொஜெக்டர் 1024க்கு 768தான். ஆள் அசையும்போது மட்டும் சீப்புப் பல்லு மாதிரிக் கோடு விழுது.

பிக்சல் மச்சான்:
அது இன்டர்லேஸ், படத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்துப் பதிவது. விஎல்சியில் 'டி' எழுத்தை அமத்துங்கள், டீஇன்டர்லேஸ் ஆகும்.

ஆரையூரான்:
கோடு போயிற்று. எல்லாருக்கும் பெரிய நன்றி. சத்தம் காணாது, ஸ்பீக்கர் தேடிப் போகிறேன்.

கல்முனைக் கடைக்காரர்:
மண்டபத்துக்குள்ளேயா வெளியிலேயா போடுகிறீர்கள் தம்பி? எத்தனை பேர் வருவார்கள்? அதைச் சொன்னால்தான் எந்த ஸ்பீக்கர் என்று சொல்ல ஏலும். என்னிடம் ஒன்று சும்மா கிடக்கு.