கெர்னலை மறுபடி கம்பைல் செய்யாமல் கோப்புகளைக் கண்காணிக்கும் வரம்பை உயர்த்த முடியுமா?

அரைத்தூக்கம்:
டெபியன் 10 லினக்ஸ், அதன் மையமான கெர்னல் 4.19. பெரிய ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்டை எடிட்டரில் திறந்தால், கோப்புகளைக் கண்காணிக்க முடியவில்லை, டிவைசில் இடமில்லை என்று பிழை வருகிறது. டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி! இது கெர்னலின் வரம்பு, சோர்ஸை இறக்கி கம்பைல் செய்தால்தான் உயரும் என்கிறார் டீமில் ஒருவர். நிஜமாகவா? இந்த லேப்டாப்பில் அதை ஆரம்பித்தால் ராத்திரி முழுக்க ஃபேன் சத்தம்தான்.

வேர்ப்பயனர்:
கம்பைல் எல்லாம் வேண்டாம் ப்ரோ. வரம்பு கெர்னலுடையதுதான், ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம், சிஸ்சிடிஎல் என்ற கட்டளை இருப்பதே அதற்குத்தான். எடிட்டர் ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஐநோட்டிஃபை வாட்ச் (மாற்றம் வந்தால் சொல்லும்படி கெர்னலிடம் வைக்கும் கண்காணிப்பு) போடும், ப்ராஜெக்டின் லைப்ரரிகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் ஒன்றே ஆயிரக்கணக்கில் விழுங்கிவிடும். வாட்ச் தீர்ந்தாலும் டிஸ்க் நிறைந்தாலும் கெர்னல் திருப்புவது ஒரே பிழை எண், குழப்பம் அங்கேதான். ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) இதை ஓட்டுங்கள்:

`சிஸ்சிடிஎல் -டபிள்யூ எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்=524288`

உடனே எடுபடும், ரீபூட் செய்தால் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் அதே வரியில் எஃப்எஸ் முதல் எண் வரை உள்ளதை மட்டும் இடிசி-க்குள் சிஸ்சிடிஎல்.டி ஃபோல்டரில் ஒரு கான்ஃப் கோப்பாகப் போடுங்கள்.

பழையபெட்டி:
அவ்வளவு வைத்தால் ராம் போய்விடுமோ என்று யாராவது கேட்பார்கள். வரம்பை உயர்த்தியதாலேயே எதுவும் போகாது, வாட்ச் போடப் போடத்தான் செலவு. 64 பிட்டில் ஐநோடையும் (கோப்பு பற்றி கெர்னல் வைத்திருக்கும் பதிவு) சேர்த்தால் ஒன்றுக்குத் தோராயமாக 1 கேபி. கெர்னல் 5.11 முதல் ராம் அளவைப் பார்த்து அதுவே இந்த வரம்பைத் தீர்மானிக்கிறது.

சிஸ்சிடிஎல்லில் இல்லாத விஷயமா? டிரைவர் அமைப்பு என்றால் இடிசி-க்குள் இருக்கும் மோட்ப்ரோப்.டி ஃபோல்டர், பூட் ஆகும்போதே கொடுக்க வேண்டியது என்றால் கெர்னலை ஏற்றிவிடும் கிரப்பின் வரி. டைமர் அதிர்வெண் (250, 1000 ஹெர்ட்ஸ்) மாதிரி கட்டும்போதே பதிந்துவிடுகிற சிலவற்றுக்குத்தான் கம்பைல். உங்கள் கெர்னல் எப்படிக் கட்டப்பட்டது என்பது பூட் ஃபோல்டரில் கான்ஃபிக் என்று தொடங்கும் கோப்பில் இருக்கும்.

அரைத்தூக்கம்:
எடிட்டர் சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் 10 என்று தொடங்கும் பெயரில் கோப்பு போட்டும், ரீபூட்டுக்கு அப்புறம் 65536தான் காட்டுகிறது?

வேர்ப்பயனர்:
நீங்கள் நிறுவிய ஏதோ ஒரு பேக்கேஜும் அங்கே கோப்பு போட்டிருக்கும். பெயர் வரிசையில்தான் படிக்கும், கடைசியாக வருவது ஜெயிக்கும். 99 என்று தொடங்கும்படி பெயரை மாற்றுங்கள். யார் வேலை என்று தெரிய `சிஸ்சிடிஎல் --சிஸ்டம்` ஓட்டுங்கள், எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று வரிசையாகச் சொல்லும்.