டிராக் நாளுக்குப் பழைய பைக்: வாங்கியாச்சு (புதுப்பிப்பு)

போன முறை நான் கேட்டது இதுதான்: டிராக் நாளில், அதாவது சொந்த பைக்கைப் பந்தயத் தடத்தில் ஓட்ட விடும் நாளில், ஓட்ட மட்டும் மலிவான பழைய பைக் வேண்டும், 600 சிசி நான்கு சிலிண்டரா, 300 சிசி இரட்டை சிலிண்டரா? சின்னதையே எடு என்றீர்கள். சரி என்று நின்ஜா 300 வாங்கினேன், 296 சிசி. ஃபேரிங் (வெளி பிளாஸ்டிக் உறை) முழுக்கக் கீறல். எப்படியும் கீழே போடப்போகிற வண்டிக்கு அழகு எதற்கு?

பார்க்கப் போனபோது முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பினேன். நடுவில் லேசாகச் சிக்கியது; ஸ்டீயரிங் பேரிங் தேய்ந்திருந்தது. அதைக் காட்டியே விலையைக் குறைத்தேன். டயர் பள்ளம் ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் பக்கவாட்டில் 1416 என்ற எண். 2016இன் 14ஆவது வாரத்தில் செய்தது, ரப்பர் கட்டையாகிவிட்டது. இரண்டையும் மாற்றினேன்.

கோட்டை விட்டது பிரேக்கில். மூன்றாவது செஷனில் லீவர் கைப்பிடி வரை வந்துவிட்டது. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் கொதிநிலை இறங்கும், சூட்டில் ஆவிக்குமிழி உண்டாகி லீவர் பஞ்சு மாதிரி ஆகிவிடும். தெரிந்த விஷயம்தான், பழைய திரவத்தை மாற்றாமல் விட்டது வெறும் சோம்பேறித்தனம். புது டாட் 4 பிரேக் திரவம் ஊற்றிக் காற்றெடுத்ததும் சரியானது.

கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னவருக்குத் தனி நன்றி. டிராக்கில் விடுமுன் வண்டியைப் பார்க்கும் சோதனையில் முதலில் கேட்டதே அதுதான்; கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் (glycol) என்ற வழுக்கும் ரசாயனம் சிந்தினால் பின்னால் வருபவர் வழுக்கி விழுவார். அப்புறம் ஆயில் போல்ட் கழன்றுவிடாமல் கம்பி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள்.

600 ஆசை? நேற்றுக்கூட ஒரு விளம்பரம் பார்த்தேன்.