குடிக்கிற பகுதியும் காவல்காரனாம்!

வண்டல்மண்: நேத்து இங்க ஒருத்தர் அருள்வாக்கு சொல்லியிருக்கார். மனசுக்குள்ள பல பகுதி இருக்காம், சாயங்காலமானா குவார்ட்டர் வாங்கச் சொல்ற பகுதியும் நம்மளைக் காப்பாத்துற காவல்காரனாம். எங்க தெருவுல குறுவைப் பணம் மொத்தமும் டாஸ்மாக்குக்குப் போன வீடு இருக்கு. அந்த வீட்டுக்காரம்மாகிட்ட வந்து இதைச் சொல்லுங்களேன்.

கல்லணைக்காரி: எழுதினது நான்தான், என்ன 'ஒருத்தர்'? ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ்னு அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர். 1980கள்ல, அளவில்லாம சாப்பிட்டு வாந்தி எடுக்கிற நோயாளிகள் 'எனக்குள்ள ஒண்ணு தின்னுங்குது, இன்னொண்ணு திட்டுது'ன்னு சொன்னதைக் கேட்டு ஐஎஃப்எஸ், அதாவது 'இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்'ங்கிற மனசுக்கான சிகிச்சையை உருவாக்கினார். மனசுக்குள்ள பல பகுதி ஒரு குடும்பம் மாதிரி இருக்குங்கிறது அதோட அடிப்படை. பழைய வலியைச் சுமந்துக்கிட்டு உள்ள அடைபட்டுக் கிடக்குற பகுதி ஒண்ணு. அது தலைதூக்காம எல்லாத்தையும் கட்டி மேய்க்கிற மேலாளர் ஒண்ணு. மீறிக் கிளம்பினா எதைக் குடுத்தாவது அமுக்குற தீயணைப்பாளர் ஒண்ணு. குடி இந்த மூணாவது. நோக்கம் காப்பாத்துறது, பலன் நல்லதுன்னு நான் எங்க சொன்னேன்?

வண்டல்மண்: மூணோ முப்பதோ. குடி காவல்காரனா, இல்லையா?

மன்னை மைனர்: உள்ள ரெண்டு மூணு பேர் இருந்தா அது மல்டிபிள் பர்சனாலிட்டி பாஸ் 😂

கல்லணைக்காரி: அது வேற நோய் தம்பி, நினைவே அறுந்துபோகும். இது எல்லாருக்கும் உள்ளது. எனக்குக் கோபம் வந்தா தொண்டை அடைக்கும். ஆலோசகர் அந்த அடைப்புகிட்டயே கேக்கச் சொன்னாங்க: 'நீ வேலையை விட்டுட்டா என்ன ஆயிடும்னு பயப்படுற?' ரொம்ப நேரம் அழுதேன்.

வண்டல்மண்: எங்க தெருக்காரருக்கு ஒரே பயம்தான் மேடம், 10 மணிக்குக் கடை மூடிடுவாங்களேன்னு. ஆதாரம் ஏதாவது?

கல்லணைக்காரி: 2013ல முடக்குவாத நோயாளிகள்கிட்ட நடந்த ஆய்வு வந்துச்சு. வலி, மனச்சோர்வு ரெண்டும் குறைஞ்சிருக்கு.

வண்டல்மண்: குடியைக் கேட்டா மூட்டு வலியா! காவல்காரனா, இல்லையா?

குடந்தை வெற்றிலை: இதுக்கு அமெரிக்காக்காரன் வரணுமா? குறள்ல 125ஆம் அதிகாரம் நெஞ்சொடு கிளத்தல், 130 நெஞ்சொடு புலத்தல். தன் நெஞ்சோடயே மல்லுக்கு நின்னவன் தமிழன்.

வண்டல்மண்: அண்ணே, அது காதல் பஞ்சாயத்து. 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, பத்துக் குறள். எதுலயாவது காவல்காரன் வர்றானா?

குடந்தை வெற்றிலை: மேட்டூர் ஜூன் 12 திறப்புச் சண்டையிலயே உங்க ஞானத்தைப் பாத்தாச்சு. கடைமடையில ஒரு நாள் நின்னிருக்கீங்களா?

வண்டல்மண்: கடைமடையிலயே பொறந்தவன்யா நான்! உம்ம வெத்தலைக் கொடிக்காலுக்கு மட்டும் மோட்டார் ஓடுதே, அதைப் பேசுவோமா?

மன்னை மைனர்: மனநோய் தீரணும்னு போய்த் தங்குவாங்களே, அந்தக் குணசீலம் கோயிலுக்கு எல்லாரையும் கூட்டிட்டுப் போங்கப்பா. 48 நாள்ல எல்லாப் பகுதியும் ஒண்ணாயிடும்.

கல்லணைக்காரி: கிண்டலுக்குக் கோயிலை இழுக்காதீங்க. எங்க சித்தப்பா அங்க தங்கினவர்.

மன்னை மைனர்: உங்க மேலாளர் கோவிச்சுக்கிட்டாரா அக்கா?

கல்லணைக்காரி: உன்கிட்ட அடைபட்டுக் கிடக்கிறது மூளைதான்.

வண்டல்மண்: த்ரீ பேஸ் கரண்ட் வந்துடுச்சு, மோட்டார் போட்டுட்டு வர்றேன். யாரும் நழுவிடாதீங்க, முக்கியமா வெத்தலை அண்ணன்.